ரீத்தாவின் ஐந்து பதில்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெயா எழுதுகிறாள். அவள் பத்தாவது பாஸ். நான் வாயால் சொல்வது ஒரு மாதிரி, அவள் கையில் வருவது வேறு மாதிரி. நல்லதுதான், நாலு பேர் படித்தால் மரியாதையாக இருக்கும். வயிற்றில் கல் வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். இப்போது சுகமாக இருக்கிறேன். நேற்று மல்லாட்டை உருண்டைகூட, அதுதான் வேர்க்கடலை உருண்டை, தின்றேன். அதை எழுத மாட்டேன் என்கிறாள் ஜெயா. எழுதட்டும், டாக்டர் என்ன எங்கள் வீட்டுக்கு வந்தா படிக்கப்போகிறார்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு அந்தாண்டை, பிரம்மதேசம் பக்கம். மாதா கோயில் தேர் முடிந்த மறுநாள் கறிசோறு தின்றுவிட்டு உட்கார்ந்தேன். வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி கிளம்பியது. அப்படியே பின்னால் போய்த் தோள்பட்டையில் நின்றுகொண்டது. வாயு என்று நினைத்தேன். ஓமத்தண்ணீர் குடித்தேன், சோடா குடித்தேன், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று உப்பை வறுத்து ஒத்தடமும் கொடுத்துப் பார்த்தேன். வலி போகிற மாதிரி போகும், அடுத்த வேளை சோறு தின்றதும் வந்துவிடும். கடைசியில் என் மகன் பீட்டர் அவனுடைய ஷேர் ஆட்டோவிலேயே என்னைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் போனான்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. வயிற்றில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, இஸ்திரிப்பெட்டி ஓட்டுவதுபோல ஒன்றை ஓட்டுகிறார்கள். டி.வி. மாதிரிப் பெட்டியில் வயிற்றுக்குள் இருப்பது தெரிகிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மழைக்கால மேகம் மாதிரி இருந்தது.

"பித்தப்பையில கல்லு இருக்கு ஆயா," என்றார் டாக்டர்.

"கல்லா? எம் மருமவ அரிசியில கல்லு பொறுக்காம ஆக்கிட்டாளா சார்?"

ஜெயா பக்கத்தில்தான் நின்றாள். "எல்லாத்துக்கும் நாந்தான் கெடச்சேன்," என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். சோற்றில் இருக்கும் கொழுப்பைக் கரைக்க ஈரல் பச்சை நிறத்தில் ஒரு தண்ணீரைச் சுரக்கிறதாம். அதைப் பிடித்துவைக்கிற சின்னப் பைதான் பித்தப்பை. அந்தத் தண்ணீர் இறுகினால் கல்லாகிவிடும். கல் பையின் வாயில் போய் உட்கார்ந்தால் பை வீங்கும், வலிக்கும். பையையே எடுத்துவிட வேண்டும், அது இல்லாமலும் மனிதன் இருக்கலாம் என்றார். விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆபரேஷன் என்றதும் பீட்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு என் வயிற்றைப் பற்றி யோசனையே இல்லை. ரீத்தாவுக்கு யார் சோறு ஊட்டுவார்கள் என்றுதான் ஓடியது.

ரீத்தா என் மூத்த மகள். பீட்டருக்கு அக்கா. அவளுக்கே முன்நெற்றியில் நரை வந்துவிட்டது. ஆனால் மனசு நாலு வயசிலேயே நின்றுபோனது. அவள் பிறக்கும்போது ரொம்ப நேரம் வெளியே வரவில்லை, வந்தும் அழவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்ததால் வளர்ச்சி குன்றிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வலிப்பும் உண்டு, அதற்கு மாத்திரை தினமும் தர வேண்டும். நல்ல பெண். பூ என்றால் உயிர். ஆனால் அவள் அப்பா செத்ததிலிருந்து என் கையால் ஊட்டினால் ஒழிய ஒரு வாய் சோறு தின்ன மாட்டாள். ஜெயா ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஜெயா வந்த புதிதில், "நான் இன்னாத்த பண்ணேன், விஷமா வெச்சிக்கினு நிக்கிறேன்?" என்று அழுதுகூட இருக்கிறாள். இப்போது அதை எழுதச் சொன்னால் முறைக்கிறாள்.

அதனால் விழுப்புரத்தில் என்னோடு ரீத்தாவும் சேர்ந்துவிட்டாள். பெண்கள் வார்டில் எனக்குக் கட்டில், கட்டிலுக்குக் கீழே அவளுக்குப் பாய். வந்தவுடன் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனோம். பை வீங்கிக் கிடக்கிறது, வீக்கம் வடிய வேண்டும் என்றார்கள். சர்க்கரை வேறு ஏறிக்கிடக்கிறது, அதுவும் இறங்க வேண்டும். காலையில் விரலில் குத்தி ரத்தம், சாயங்காலம் விரலில் குத்தி ரத்தம். கையில் ஊசியைச் செருகி பாட்டில் மருந்து. என்னால் ஓர் இடத்தில் படுக்க முடியாது. வீட்டில் கோழியை யார் அடைப்பார்கள், ரீத்தாவுக்கு மாத்திரை கொடுத்தோமா, ஜெயா மில்லில் லீவு சொன்னாளா என்று எழுவேன், உட்காருவேன். பக்கத்துக் கட்டிலில் வானூர்க்காரி ஒருத்தி இருந்தாள்.

"ஏன்க்கா, கட்டில்ல முள்ளு போட்டு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆனால் அவளுக்கு வீட்டிலிருந்து ரசம் வந்தால் முதல் டம்ளர் எனக்குத்தான்.

முதல் நாள் மத்தியானம் ரீத்தா சாப்பிடவில்லை. அவளுக்கு அவளுடைய அலுமினியத் தட்டு வேண்டும். ஓரம் நசுங்கின பழைய தட்டு. பீட்டர் சவாரியை விட்டுவிட்டு ஊருக்குப் போய் அதை எடுத்துவந்தான். "ஒரு தட்டுக்கு இத்தினி தூரம் டீசல் போட்டது நானாத்தான் இருப்பேன்," என்றான். ஆனாலும் தட்டைக் கழுவித் துடைத்து அக்காவிடம் கொடுத்தான்.

தட்டு வந்துவிட்டது, கை வரவில்லை. ஊசி என் வலது கையில். மடக்கினால் ரத்தம் பாட்டில் குழாயில் ஏறுகிறது. சரி என்று இடது கையால் பிசைந்து நீட்டினேன். ரீத்தா தலையைத் திருப்பிக்கொண்டாள். "சீ, கை," என்றாள். பீச்சாங்கையால் தின்னக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எத்தனையோ சொல்லிக்கொடுத்தேன், இது மட்டும் நன்றாக ஏறியிருக்கிறது.

இதையெல்லாம் கலா என்கிற நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து என் கையைப் பிடித்தாள்.

"குடு ஆயா, ஊசிய அந்தக் கையில மாத்திக் குத்திடறேன்."

மாற்றிக் குத்தினாள். நான் வலது கையால் ஊட்டினேன். ரீத்தா தட்டை வழித்துத் தின்றாள். கலா சிஸ்டர் போகாமல் நின்றாள்.

"இந்தப் பொண்ணுக்குக் கவர்மெண்ட்ல பராமரிப்புப் பணம் வருதா? வீட்ல கூட இருந்து பாத்துக்கறவங்களுக்குன்னு மாசாமாசம் குடுக்கறாங்களே."

"எழுதிப் போட்டோம் சிஸ்டரு. இல்லன்னுட்டாங்க."

"இதுக்கே இல்லன்னா வேற யாருக்குக் குடுப்பாங்க? என்ன சொன்னாங்க?"

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

ரீத்தாவுக்குப் புதுநன்மை வாங்கிவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு எட்டு ஒன்பது வயசில் வெள்ளைக் கவுன் போட்டு, கோயிலில் முதல் முதலாக நற்கருணை கொடுப்பார்கள். அதற்கு முன்னால் பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். ரீத்தாவால் முடியாது என்றார்கள் எல்லாரும். நான் சாமியாரிடமே போய், "என்னென்ன கேப்பீங்க, அஞ்சு கேள்வி மட்டும் சொல்லுங்க," என்று கேட்டு வாங்கி வந்தேன். உன் பேர் என்ன? ரீத்தா. அம்மா பேர் என்ன? சவரியம்மா. எந்த ஊர்? பம்மதேசம். பிரம்மதேசம் அவள் வாயில் வராது. உன்னைப் படைத்தது யார்? ஆண்டவர். ஒரு கையில் எத்தனை விரல்? அஞ்சு. இரண்டு வருஷம் சோறு ஊட்டும்போதெல்லாம் இதே கேள்வி, இதே பதில். ஒவ்வொரு பதிலுக்கும் நான் கை தட்டுவேன். மற்றப் பிள்ளைகள் அவள் இடுப்பளவுதான் இருந்தார்கள், நடுவில் இவள் தென்னை மரம் மாதிரி வெள்ளை உடையில் நின்றாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

அப்புறம் பல வருஷம் கழித்து இந்தப் பணத்துக்கு எழுதிப்போட்டோம். அப்போது ஊனமுற்றோர் ஆபீஸ் என்பார்கள், பிறகுதான் மாற்றுத்திறனாளிகள் ஆபீஸ் என்று நல்ல பேராக வைத்தார்கள். பணம் வேண்டுமென்றால் டாக்டர் ரீத்தாவைப் பார்த்து, குறை எவ்வளவு என்று சர்டிபிகேட் தர வேண்டும். ரொம்ப அதிகம் என்று இருந்தால்தான் பணம். பெரிய டாக்டர் பார்க்கப்போகிறார் என்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா. அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினேன். கனகாம்பரம் வைத்தேன். பவுடர் பூசி, கிறிஸ்துமஸ் சுடிதாரைப் போட்டுக் கூட்டிப்போனேன். அந்த டாக்டரும் பேர் என்ன, அம்மா பேர் என்ன, எந்த ஊர் என்று வரிசையாகத்தான் கேட்டார். ரீத்தா டக் டக்கென்று சொன்னாள். நான் சும்மா இருக்கலாம் இல்லையா? "படைச்சது யாருன்னு கேளுங்க சார், வெரலு எத்தினின்னு கேளுங்க," என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அவர் கேட்டார், அவள் சொன்னாள். நான் கை தட்டினேன். குளிப்பாளா, தானே சாப்பிடுவாளா என்று என்னைக் கேட்டார். "எல்லாம் அவளே பண்ணிக்குவா சார்," என்றேன். வயசு வந்த பெண்ணைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. டாக்டர் என்னைப் பாராட்டினார். நல்லா வளத்திருக்கீங்க என்றார். குறை கொஞ்சம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கேட்டு முடித்ததும் கலா சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆயா, பொண்ணு பாக்கவா வந்தாங்க, பவுடரு பூசிக் காட்டினு இருந்திருக்க?"

வானூர்க்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன், ரீத்தாவும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் கலா சிஸ்டர் சொன்னாள், மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று. புதன்கிழமை தோறும் இதே ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர்கள் உட்கார்கிறார்கள். பீட்டர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கும் வரிசையில் நின்று, மறுபடியும் பார்க்கச் சொல்லும் கடிதத்தை வாங்கிவந்தான்.

எனக்கு அதிலிருந்து இன்னும் அதிகமாக இருப்புக்கொள்ளவில்லை. ஜெயா திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லுக்குப் போகிறவள். அவள் கூலி இல்லாமல் வீடு ஓடாது. அந்தப் பணம் வந்தால் அவள் மில்லை விட்டு ரீத்தாவோடு இருக்கலாம். வராமல் போய், ஆபரேஷனில் நானும் திரும்பாமல் போனால், பூட்டின வீட்டுக்குள் ரீத்தா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கத்தி வைப்பதற்குள் புதன்கிழமை வர வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிவைக்க யாராவது வேண்டிக்கொள்வார்களா, நான் வேண்டிக்கொண்டேன். சர்க்கரையும் இறங்காமல் எனக்கு ஒத்தாசை செய்தது.

புதன்கிழமை வந்தது. ரீத்தாவை இந்தத் தடவை ஜோடிக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். அவளோ எங்கேயோ போகிறோம் என்று தெரிந்ததும், "பூ, பூ," என்று ஜெயாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வெச்சிக்கினு வரட்டும் அத்த. பூவுக்கா மார்க்கு போடப்போறாங்க?" என்று ஜெயா வெளியே போய் வாங்கிவந்து வைத்துவிட்டாள்.

நான் முன்னால், என் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெயா, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரீத்தா. இப்படி ஊர்வலமாகப் போனோம். உள்ளே ஒரு டாக்டரம்மா இருந்தார். வயசு ஜெயாவைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் முகத்தில் அவசரம் இல்லை.

"உன் பேரு என்னம்மா?"

"ரீத்தா."

"அம்மா பேரு?"

"சவரியம்மா."

"எந்த ஊரு?"

"பம்மதேசம்."

ஒவ்வொரு பதிலுக்கும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், கை தட்டு என்று. டாக்டரம்மா எதையோ எழுதப் பேனாவை எடுத்தார். இவரும் குறை கொஞ்சம்தான் என்று எழுதிவிடப்போகிறார். ரீத்தா முன்னாலேயே அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது. முகம் வேறு அப்படிப் பூரித்துப்போய் இருக்கிறது.

"டாக்டரம்மா, கேள்விய மாத்திக் கேளுங்க," என்றேன்.

"என்ன ஆயா?"

"மொத்தம் அஞ்சு இருக்குது. வெரலு எத்தினின்னு கடைசியா கேக்கணும். அத மொதல்ல கேளுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு ரீத்தா பக்கம் திரும்பினார். ரீத்தா ஆரம்பத்திலிருந்து தொடங்கப்போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் கையில எத்தனை விரல் இருக்கு?"

"ரீத்தா."

நான் கை தட்டினேன். தட்டாவிட்டால் அழுதுவிடுவாள்.

"உன் பேரு என்ன?"

"சவரியம்மா."

தட்டினேன்.

"உங்க அம்மா பேரு?"

"பம்மதேசம்."

ஜெயா பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா நாற்காலியை ரீத்தா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ரீத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஐந்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"அம்மாவுக்கு ஆபரேஷன். அம்மா இல்லன்னா உன்னை யாரு பாத்துக்குவாங்க?"

"ஆண்டவர்," என்றாள் ரீத்தா.

நான் கை தட்டினேன்.

"அவரு வந்து சேர்ற வரைக்கும் யாராச்சும் ஒருத்தர் வேணுமில்ல, டாக்டரம்மா," என்றேன்.

பிறகு அவர் என்னைக் கேட்டார், நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளிக்கத் தெரியாது. மாதவிலக்கில் துணி மாற்றத் தெரியாது. அடுப்பு சுடும் என்று தெரியாது. ரோட்டில் விட்டால் வண்டி வரும் பக்கமே நடப்பாள். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது, வேறு யாராவது ஊட்டினால் வாயைத் திறக்கவும் தெரியாது. வெளியாளிடம் அப்படி நான் பேசியதே இல்லை. ரீத்தா தலையில் இருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்து டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் சர்க்கரை இறங்கிவிட்டது, ஆபரேஷனும் ஆனது. மயக்கமருந்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கில் எதையோ வைத்து மூடினார்கள், கண்ணை விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எடுத்த கல்லைப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். மல்லாட்டைப் பருப்பு மாதிரி, அதே பருமன். பீட்டர் பார்க்க மாட்டேன் என்று ஓடிவிட்டான்.

கல்லைவிட அந்த நாட்களில் என்னை வருத்தியது வேறு. தையல் இழுக்கும், கை தூக்க முடியாது. ரீத்தா பன்னை டீயில் நனைத்துத் தானே தின்றாள், பிஸ்கட் தின்றாள், சோற்றைத் தொடவில்லை. ஜெயா ஊட்டிப் பார்த்தாள், கலா சிஸ்டர் டியூட்டி முடிந்து உட்கார்ந்து ஊட்டிப் பார்த்தாள், வானூர்க்காரி கதை சொல்லிப் பார்த்தாள். ரீத்தா தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். கண்ணை மூடினால் அந்தத் தட்டுதான் எனக்கு முன்னால் நிற்கும். எழுந்து உட்கார விட்டதும் நான் முதலில் செய்தது அவளுக்கு ஊட்டியதுதான். தையல் பிரிந்துவிடும் என்று கலா சிஸ்டர் திட்டினாள்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் பணம் பாஸ் ஆனது. புது சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு பீட்டர் எத்தனை நடை நடந்தான் என்று கேட்டால் அழுவான். எவ்வளவு வருகிறது என்று எழுத வேண்டாம் என்கிறாள் ஜெயா, கடன் கேட்பார்களாம். அவள் மில்லை விட்டு நின்றாள். ஆனால் அரசாங்கம் பணம்தான் அனுப்பும், ரீத்தாவின் வாயை அதனால் திறக்க முடியாது.

நானும் ஜெயாவும் அவளோடு தினமும் மல்லுக்கட்டினோம். நான் பிசைவேன், ஜெயா ஊட்டுவாள். ரீத்தா மூடிக்கொள்வாள். கடைசியில் எனக்குப் பழைய வழிதான் தெரிந்தது. ஐந்து கேள்விக்குப் பின்னால் ஆறாவது ஒன்றைச் சேர்த்தேன். யார் சோறு ஊட்டுவார்கள்? ஜெயா. நான் கேட்பேன், ஜெயாவே பதிலும் சொல்லி ஒரு வாய் நீட்டுவாள், நான் கை தட்டுவேன். "இந்தக் கேள்விக்கு நானே எத்தினி தடவதான் பாஸாவறது?" என்பாள் ஜெயா.

போன மாசம் ஆஸ்பத்திரியில் திரும்பக் காட்டுவதற்கு விழுப்புரம் போனேன். ரீத்தாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார், எனக்கு அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று வந்தது. டிரைவரை ஜல்தியாக ஓட்டச் சொல்லி நான் கத்தியதை இங்கே எழுத வேண்டாம். திண்டிவனத்தில் மாறி, ஊரில் இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். ரீத்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜெயா கொல்லையில் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருடி சோறு ஊட்டுனது?" என்று கேட்டேன்.

ரீத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரீத்தா," என்றாள்.

பதில் தப்பு. நசுங்கின தட்டில் ஒரு பருக்கை இல்லை. நான் கை தட்டினேன்.